செம்மறிக் குட்டிக்குத் தாது உப்பு: மேய்ச்சலுக்கு ஒரு கணக்கு, கொட்டிலுக்கு வேறு

கொரங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) மேயும் மேச்சேரி இனச் செம்மறிக் குட்டிகள் மண்ணை நக்குகின்றன, எடையும் ஏறவில்லை. உப்புக்கட்டி தொங்கவிட்டால் போதுமா? (காங்கேயம்)

போதாது. கட்டியில் பெரும்பாலும் சாதா உப்புதான் இருக்கும். மண் நக்குவதற்கு உப்புக் குறைவோ பாஸ்பரஸ் குறைவோ காரணமாகலாம், குடற்புழுவும் இருக்கலாம். முதலில் சாணியைப் பரிசோதித்துப் பூச்சிமருந்து கொடுங்கள். கோடையில் காய்ந்த கொழுக்கட்டைப் புல்லில் புரதமும் குறைவு, பாஸ்பரஸும் குறைவு. வயிறு நிறையாத குட்டிக்குத் தாது உப்பை மட்டும் கொட்டினால் எடை ஏறாது. மாலையில் ஒரு கை அடர்தீவனமும் (தானியம், தவிடு, பிண்ணாக்குக் கலவை) வெள்வேலங்காயும் வையுங்கள். 100 கிலோ தீவனத்துக்கு 2 கிலோ தாது உப்புக் கலவை, 1 கிலோ உப்பு சேர்த்தால் சரி.

மாட்டுக்கு வாங்கிய தாது உப்பு மீதி இருக்கிறது. குட்டிகளுக்குப் போடலாமா? (நாமக்கல்)

வேண்டாம். பலர் செய்யும் தவறு இது. மாட்டுக் கலவையில் தாமிரம் அதிகம். மாடு தாங்கும், வெள்ளாடும் ஓரளவு தாங்கும், செம்மறி தாங்காது. ஈரலில் வாரக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும், வெளியே ஒன்றும் தெரியாது. குட்டி நன்றாகத் தின்று கொழுக்கும். அப்புறம் ஒருநாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் காப்பி நிறத்தில் போய், இரண்டொரு நாளில் செத்துவிடும். அடர்தீவனம் அதிகம் தின்னும் கொட்டில் குட்டிகளுக்கே ஆபத்து கூடுதல். அதற்காகத் தாமிரமே வேண்டாம் என்றில்லை: சினையாட்டுக்கு அது குறைந்தால் குட்டி பின்னங்கால் தள்ளாடிப் பிறக்கும். செம்மறிக்கென்றே தயாரித்த கலவையை வாங்குங்கள். குட்டிக்குத் தினம் 5 கிராம் போதும்.

பரணில் (தரையிலிருந்து உயர்த்திய கொட்டில்) வளரும் கிடாக்குட்டி சிறுநீர் கழிக்க முக்குகிறது. தவிடும் மக்காச்சோளமும்தான் தீனி. (தர்மபுரி)

இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள், சிறுநீர்க்குழாயில் கல் அடைத்திருக்கலாம். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் சொற்பம், அதனால்தான் கல் உண்டாகிறது. தீனியில் கால்சியம் 2 பங்கு, பாஸ்பரஸ் 1 பங்கு என்று இருக்க வேண்டும். மற்ற குட்டிகளுக்குத் தவிட்டைக் குறைத்து, வேலிமசால் என்ற தீவனப் பயிரும் அகத்தியும் கொடுங்கள். தீவனத்தில் 1 சதவீதம் சுண்ணாம்புக்கல் தூள் கலக்கலாம். தண்ணீர் எந்நேரமும் இருக்கட்டும். சின்ன வயதிலேயே காயடித்த குட்டிகளை இன்னும் கவனியுங்கள், அவற்றுக்குச் சிறுநீர்க்குழாய் குறுகலாகவே நின்றுவிடும்.

பால்குடிக் குட்டிக்குத் தனியாகத் தாது உப்பு உண்டா? (கரூர்)

தேவையில்லை. தாய்க்குக் கொடுங்கள், சினையின் கடைசி ஒன்றரை மாதத்திலிருந்தே. குட்டி இரண்டு வாரத்தில் தழை கொறிக்கும், தழையைக் கட்டித் தொங்கவிடுங்கள்.