குழியானையில் இருந்து தொடங்கலாம்: தொடக்கப் பள்ளியில் சூழ்நிலையியல், கேள்வி பதில்

புதுக்கோட்டைப் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 26 வருஷம் பாடம் எடுத்தவள் நான். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்ச் சூழ்நிலையியல் நடத்துவது பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

டீச்சர், எங்கள் பள்ளியில் தோட்டமும் இல்லை, பணமும் இல்லை. எதில் தொடங்குவது? (மூன்றாம் வகுப்பு ஆசிரியை, தருமபுரி)

தாழ்வாரத்தின் ஓரமாக, மழை படாத மணலைப் பாருங்கள். புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். குழியானை என்ற புழு தோண்டியவைதான் அவை. ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைத் தோண்டி எடுக்கத் தெரியும், பிறகு அது என்னவாகும் என்று தெரியாது. எறும்பு விளிம்பில் கால் வைத்ததும் மணல் சரியும், அடியிலிருந்து குழியானை மணலை வாரி வாரி அடிக்கும். எவ்வளவு வாலுப் பிள்ளையும் அப்போது வாயைத் திறக்காது. அப்புறம் கேள்விகள் தானாக வரும். ஏன் பின்பக்கமாகவே நகர்கிறது? ஈர மணலில் ஏன் குழி இல்லை?

விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். நன்றாக வளர்ந்ததாகப் பார்த்து ஒன்றை எடுத்து, கண்ணாடி டம்ளரில் மணலோடு வையுங்கள். சின்னதை எடுத்தால் வருஷமே முடிந்துவிடும். அவ்வப்போது ஒரு எறும்பு போடுங்கள், ஏறி வர ஒரு குச்சியும் நட்டு வையுங்கள். ஒருநாள் மணல் உருண்டையாகக் கூடு கட்டிக்கொள்ளும். சில வாரங்கள் கழித்து, தட்டான் போல இறக்கை உள்ள பூச்சி வெளியே வரும். எங்கள் வகுப்பில் முதல் தடவை நான்தான் ராத்திரியில் பூச்சியை மாற்றி வைத்துவிட்டேன் என்று சொன்னார்கள்.

பையன் ஐந்தாம் வகுப்பு. இப்படி வெளியே சுற்றினால் கணக்குப் பாடம் என்னாவது? (ஒரு அப்பா, திருப்பூர்)

கணக்கே அங்கேதான் சார் இருக்கிறது. அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமுள்ள டப்பாவைத் திறந்தவெளியில் வைத்து, மழை விட்டதும் ஸ்கேலால் அளந்தால் அது மழைமானி. 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் தண்ணீர். வகுப்பறைக் கூரை 8 மீட்டருக்கு 6 மீட்டர், 48 சதுர மீட்டர். 25 மி.மீ. பெய்தால் 1,200 லிட்டர். இதைப் போட்டுப் பார்த்த பிள்ளைகள், "அவ்வளவும் எங்கே டீச்சர் போச்சு?" என்று தண்ணீர் ஓடிய தடத்தைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போனார்கள். அளந்த டப்பாவை மட்டும் உடனே கவிழ்த்துவிடுங்கள், இல்லையென்றால் கொசு வளர்ப்பு ஆகிவிடும்.

பட்டாம்பூச்சி வர நர்சரியில் என்ன பூச்செடி வாங்கலாம்? (தலைமையாசிரியர், சேலம்)

பூ தேன் குடிக்க. முட்டையிட அந்தந்தப் பூச்சிக்கு அதற்கான இலை வேண்டும். எலுமிச்சையும் கறிவேப்பிலையும் இருந்தால் எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சி வரும். அதன் புழு முதலில் பறவை எச்சம் மாதிரி இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். லேசாகத் தொட்டால் தலைப்பக்கத்திலிருந்து சிவந்த கவட்டை ஒன்றை நீட்டி நாற்றம் விடும். பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! எருக்கு இருந்தால் வெட்டாதீர்கள், வெந்தய வரியனின் புழுக்கள் அதைத்தான் தின்னும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, இலையை நீங்களே பறியுங்கள். கறிவேப்பிலையில் மட்டும் இரண்டு செடி வையுங்கள். ஒன்று புழுவுக்கு, ஒன்று சத்துணவு அக்காவுக்கு. நான் ஒன்றே ஒன்று வைத்துச் சண்டை வாங்கியிருக்கிறேன்.

முழுக்க சிமெண்ட் தரை, மாடிக் கட்டடம். நாங்கள் என்ன செய்வது? (ஆசிரியர், சென்னை)

வாசலில் ஒரு மரமாவது இருக்குமே. வாரம் ஒரு நாள், அதே மரம்: துளிர் உண்டா, பூ உண்டா, காய் உண்டா, யார் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு வருஷம் விடாமல் எழுதுங்கள்.

மரக்கன்று நடும் விழா வைக்கலாமா? (பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்)

ஒருமுறை விருந்தினரை அழைத்து ஒரே நாளில் 40 கன்று நட்டோம். போட்டோ அருமையாக வந்தது. மே விடுமுறை முடிந்து வந்தால் மூன்றுதான் மிச்சம். அதன்பின் வகுப்புக்கு ஒரு கன்று, பக்கத்தில் கழுத்தளவு புதைத்த ஒரு மண்பானை. நிரப்பி மூடி வைத்தால் நீர் மெல்லக் கசியும். விடுமுறையிலும் முறை வைத்து வந்து நிரப்பினார்கள். பனங்கொட்டையும் புதைத்தோம், பாதியைக் கிழங்காகப் பிடுங்கி அவித்துத் தின்றோம். அதுவும் பாடம்தான்.

பாம்பு பயம்? (ஒரு அம்மா)

நியாயமான பயம். முதலில் ஆசிரியர் போய்ப் பார்க்க வேண்டும். பொந்தில் கைவிடக் கூடாது, கல்லைக் கையால் புரட்டக் கூடாது. கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். பிள்ளையை அசையவிடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

குறிப்பேட்டில் தப்பாக வரைந்தால் திருத்தலாமா? (பயிற்சி ஆசிரியை, மதுரை)

திருத்துவதற்கு முன்னால் ஒருதடவை நீங்களும் போய்ப் பாருங்கள். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அணிலுக்கு ஐந்து கோடு போட்டிருந்தாள். மூன்றுதானே பாப்பா என்று சிவப்புப் பேனாவை எடுத்தேன். "நான் எண்ணினேன் டீச்சர்" என்றாள். சரி, வா என்று வேப்பமரத்தடிக்குப் போனோம். வெள்ளைக் கோடு மூன்று, அவற்றுக்கு நடுவே கருமையாக இரண்டு. அவள் எல்லாவற்றையும் எண்ணியிருந்தாள்.