வேலையை விட்டாச்சு, ஹெல்த் இன்ஷூரன்ஸ் என்ன பண்றது? கேள்வி பதில்

பதினாலு வருஷம் கிளைம் ஃபைல் பார்த்தவன் நான். இப்போது பாலிசி எதுவும் விற்பதில்லை, அதனால் தயங்காமல் கேளுங்கள்.

ஓ.எம்.ஆர். ஐடி ஊழியர்: அண்ணா, வர்ற 30-ம் தேதி கடைசி நாள். அடுத்த கம்பெனியில சேர ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் சும்மா விட்டுடலாமா?

விடாதீங்க தம்பி. குரூப் பாலிசி, அதாவது கம்பெனி ஊழியர்களுக்கு எடுத்துக் கொடுத்தது, பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். சில கம்பெனிகளில் அந்த மாதக் கடைசி வரை ஓடும். எந்தத் தேதி என்று எச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள், வாய்வார்த்தை செல்லாது.

புது பாலிசியில் முதல் 30 நாள் விபத்துக்கு மட்டும்தான் பணம். அதனால் நோட்டீஸ் பீரியட் ஆரம்பித்ததுமே எடுத்துவிடுங்கள். அந்த 30 நாளும் கம்பெனி பாலிசியின் நிழலிலேயே கழிந்துவிடும். என் மச்சான் 'அப்புறம் பாத்துக்கலாம்' என்றார். ரிலீவ் ஆன பதினோராம் நாள் ராத்திரி அப்பெண்டிக்ஸ். அக்கா வளையல் அடகுக் கடைக்குப் போனது.

கோவை வாசகர்: எனக்கு ஆறு வருஷமா சுகர். கம்பெனி பாலிசியில நாலு வருஷம் இருந்தேன். புதுசா எடுத்தா முதல்லேர்ந்து காத்திருக்கணுமா சார்?

இதைத்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். குரூப் பாலிசி எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியுடையதோ, அதே கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு நீங்கள் மாறலாம். மைக்ரேஷன் என்பார்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்குப் பணம் கிடைக்காத காலம், 2024 விதிப்படி அதிகபட்சம் 36 மாதம். நீங்கள் இடைவெளி இல்லாமல் குரூப்பில் இருந்த வருடங்கள் இதில் கழியும்.

ஆனால் பழைய தொகை அளவுக்குத்தான் கழியும். குரூப்பில் 3 லட்சம் இருந்து, இப்போது 10 லட்சத்துக்கு எடுத்தால், கூடுதலான 7 லட்சத்துக்குக் காத்திருப்பு முதலிலிருந்து ஓடும். இன்னொன்று, கேட்டவுடன் கொடுத்தாக வேண்டும் என்றில்லை. உங்கள் உடல்நிலையைப் பார்த்து மறுக்கலாம், பிரீமியத்தை ஏற்றலாம். அதனால் கடைசி வாரம் வரை தள்ளாமல், ஒன்றரை மாதம் முன்பே எழுதிக் கேளுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எவ்வளவு தொகைக்கு கவர் இருந்தது என்று எச்.ஆர். கடிதம் வாங்குங்கள். ஐடி கார்டைத் திருப்பிக் கொடுத்த பிறகு உங்கள் மெயிலுக்கு யாரும் பதில் போட மாட்டார்கள்.

அதே வாசகர்: சுகர் இருக்கிறதை எழுதாம விட்டா பிரீமியம் குறையும்னு ஏஜென்ட் சொல்றாரே?

ஏஜென்ட்டை மாற்றுங்கள். ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் 'எத்தனை வருஷமா சுகர்?' என்று கேட்பார், நீங்களும் 'ஆறு' என்பீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறும் அந்த ஒரு வரி போதும். அப்படித் தள்ளுபடியான கிளைம்களை எண்ணி மாளாது.

திருச்சி வாசகி: நான் அஞ்சு மாச கர்ப்பம். ராஜினாமா பண்ணப் போறேன். எந்த பாலிசி பிரசவத்துக்கு உதவும்?

இந்தப் பிரசவத்துக்குப் புது பாலிசி எதுவும் உதவாதும்மா. தனி பாலிசிகளில் பிரசவத்துக்கென்றே தனிக் காத்திருப்பு உண்டு. கணவர் கம்பெனியின் குரூப் பாலிசியில் உங்களைச் சேர்க்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், முடிந்தால் ராஜினாமாவைத் தள்ளிப் போடுங்கள்.

மதுரை வாசகர்: 5 லட்சத்துக்கு எடுத்தா போதுமா?

தொகையைவிட ரூம் வாடகை வரம்பை முதலில் பாருங்கள். 5 லட்சத்தில் ஒரு சதவீதம் என்று போட்டிருந்தால் நாளுக்கு 5,000. நீங்கள் 8,000 ரூபாய் ரூமில் நாலு நாள் படுத்தால், போவது 12,000 மட்டும் என்று நினைப்பீர்கள். டாக்டர் ஃபீஸ், தியேட்டர் வாடகை, நர்ஸிங் எல்லாம் சேர்ந்து 80,000 என்றால் அதிலும் 8,000-க்கு 5,000 என்ற அதே விகிதத்தில் எட்டில் ஐந்து பங்குதான் கிடைக்கும், அதாவது 50,000. மீதி 30,000-மும் உங்கள் தலையில். மருந்து, இம்ப்ளான்ட்டில் இந்த வெட்டு கிடையாது. ரூம் வரம்பே இல்லாத 5 லட்சம் எடுத்து, மேலே ஒரு சூப்பர் டாப்-அப் போடுங்கள், குறிப்பிட்ட தொகையைத் தாண்டும் செலவுக்கான கூடுதல் பாலிசி அது. என் வீட்டில் அப்படித்தான்.

ஒரகடம் தொழிலாளி: கான்ட்ராக்ட் முடிஞ்சிருச்சு சார். சம்பளம் 17,000, இ.எஸ்.ஐ. பிடிச்சாங்க. கார்டு இனி செல்லாதா?

செல்லும். வேலை போன மறுநாளே இ.எஸ்.ஐ. நின்றுவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான அரையாண்டில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருந்தால், அடுத்த ஜூன் கடைசி வரை வைத்தியம் உண்டு. அக்டோபர்-மார்ச் கணக்குக்கு டிசம்பர் கடைசி வரை. டிஸ்பென்சரியில் 'வேலையில் இல்லை' என்று திருப்பி அனுப்பினால், சந்தா விவரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகும் வேலை அமையாமல் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் வந்துவிட்டால் முதல்வர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம். வி.ஏ.ஓ. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள்.

சேலம் வாசகர்: அப்பாவுக்கு 66. என் கம்பெனி பாலிசியிலதான் இருந்தார். இனிமே யாரு குடுப்பா?

65-க்கு மேல் கிடையாது என்று வயதை மட்டும் காட்டி இப்போது கதவைச் சாத்த முடியாது, 2024 ஏப்ரலில் விதி மாறிவிட்டது. அவருக்குத் தனியாக எடுங்கள். உங்கள் ஃப்ளோட்டரில் (குடும்பத்துக்கே சேர்த்து எடுக்கும் ஒரே பாலிசி) சேர்த்தால் மூத்தவர் வயதை வைத்து எல்லோருக்கும் பிரீமியம் ஏறும். கோ-பே எத்தனை சதவீதம் என்று பாருங்கள், 20 என்றால் ஒவ்வொரு கிளைமிலும் ஐந்தில் ஒரு பங்கு உங்களுடையது. ஒரு சின்ன ஆறுதல், தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. விண்ணப்பத்தை அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, பழைய மருந்துச் சீட்டுகளைப் பார்த்து நீங்களே நிரப்புங்கள். பிரஷர் மாத்திரையை 'அது சும்மா போடுறதுதாம்பா' என்பார். அதையும் எழுதுங்கள்.