அயோனியத் தீவுகளுக்கிடையே இருவர் மட்டும்: பாய்ப்படகுப் பயணக் கேள்வி பதில்

கிரேக்கத்தின் மேற்கிலுள்ள அயோனியக் கடலிலும் கிழக்கிலுள்ள ஏஜியன் கடலிலும் நானும் என் கணவரும் ஐந்து கோடைகள் வாடகைப் பாய்ப்படகில் தீவு தீவாகச் சென்றிருக்கிறோம். படகின் நீளம் 12 மீட்டர். அதில் நாங்கள் இருவர் மட்டுமே. அந்த அனுபவத்தைக் கொண்டு உங்கள் கேள்விகளுக்கு விடையளிக்கிறேன்.

கேள்வி: முதன்முறையாகச் செல்கிறோம். சாந்தோரினியைப் படகிலேயே சென்று பார்க்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. முடியுமா?

பதில்: முதல் பயணத்திற்கு வேண்டாம் என்பேன். ஏஜியன் கடலிலுள்ள சாந்தோரினித் தீவு, வெடித்துச் சரிந்த எரிமலையின் விளிம்பு. அதன் நடுவே இருக்கும் கடல் 300 மீட்டருக்கும் மேல் ஆழமானது. நங்கூரம் பிடிக்க வேண்டுமானால் நீரின் ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு சங்கிலியாவது விடவேண்டும், ஆனால் வாடகைப் படகில் இருப்பதோ பெரும்பாலும் 50, 60 மீட்டர் சங்கிலிதான். ஆகவே, படங்களில் காணும் அந்த வெள்ளை வீடுகளுக்குக் கீழே நிம்மதியாகப் படகை நிறுத்தி இரவைக் கழிக்க இயலாது.

அதைவிடப் பெரிய காரணம் காற்று. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏஜியன் கடலில் மெல்ட்டெமி என்னும் வடகாற்று, வானம் துளி மேகமின்றி இருக்கும்போதே, நாள்கணக்கில் வீசும். பால்கன் பகுதியின் உயர் அழுத்தத்திற்கும், நம் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஆசியாவின் மேல் உருவாகித் துருக்கி வரை நீளும் தாழ்வழுத்தத்திற்கும் இடையே பாய்கிற காற்று அது. அக்கடலிலுள்ள பரோஸ் தீவில் ஒருமுறை மூன்று நாள் கயிறுகளை இறுக்கிக் கட்டிவிட்டு, உணவகமே கதியென்று இருந்தோம். சாந்தோரினிக்குப் பயணியர் கப்பலில் சென்று வாருங்கள். பாய்ப்படகுக்கு அயோனியக் கடலைத் தேர்ந்தெடுங்கள். அங்கே மாயிஸ்ட்ரோ என்னும் வடமேற்குக் காற்று நண்பகலுக்குமேல் எழுந்து, பெரும்பாலும் பொழுது சாயும்போது அடங்கிவிடும்.

கேள்வி: மாலுமி இல்லாமல் இருவரே ஓட்ட அனுமதி உண்டா?

பதில்: உண்டு. ஒருவரிடம் ஏற்கத்தக்க படகோட்டும் உரிமம் இருக்கவேண்டும். மற்றவரும் படகு வேலை அறிந்தவர் என்று எழுத்தில் உறுதியளிக்க வேண்டும். தம்பதியராகச் செல்பவர்கள் இந்த இரண்டாவது நிபந்தனையை வெறும் கையொப்பமாக நினைத்துவிடாதீர்கள். உரிமம் பெற்றவர் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டால், படகைக் கரை சேர்க்க வேண்டியவர் மற்றவர்தான். புறப்படும் முன்பே பாயைச் சுருட்டவும், இயந்திரத்தை இயக்கவும், வானொலியின் 16ஆம் அலைவரிசையில் உதவி கேட்கவும் இருவரும் பழகிவிடுங்கள்.

கேள்வி: படகில் உங்களுக்குள் சண்டை வந்ததுண்டா?

பதில்: நடுக்கடலில் ஒருபோதும் வந்ததில்லை, துறையில் நுழையும்போது மட்டுமே வந்திருக்கிறது. மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் மிகக் குறைவு என்பதால், படகின் பின்புறத்தைக் கல் துறையோடு ஒட்டிக் கட்டுவது அங்கே வழக்கம். துறைக்கு நேரே நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளி முகப்பிலிருந்து நங்கூரத்தை இறக்கிவிட்டுப் பின்னோக்கி வரவேண்டும். சங்கிலியை விடுபவர் முன்னால், சுக்கான் பிடிப்பவர் பின்னால். இயந்திர ஓசையிலும் பக்கக் காற்றிலும் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. கேட்பதற்காகக் கத்தினால், கத்தியது மட்டும் மனத்தில் நிற்கும். இரண்டாம் ஆண்டிலிருந்து நாங்கள் கைச்சைகைகளை வைத்துக்கொண்டோம்: கை தாழ்ந்தால் சங்கிலியை விடு, கைவிரல்கள் முட்டியாக மடங்கினால் நிறுத்து. சண்டை ஏறக்குறைய நின்றேவிட்டது.

அயோனியக் கடலின் கெபலோனியாத் தீவிலுள்ள பிஸ்கார்டோ துறையில் ஒரு காலை நங்கூரத்தைத் தூக்கியபோது, பக்கத்துப் படகின் சங்கிலியும் அதில் மாட்டிக்கொண்டு மேலே வந்தது. இது அடிக்கடி நடப்பதுதான், பதற வேண்டாம். மாட்டிய சங்கிலிக்கு அடியில் ஒரு கயிற்றைக் கொடுத்து, அதன் இரு முனைகளையும் படகில் கட்டுங்கள். பிறகு உங்கள் நங்கூரத்தைச் சற்றே இறக்கினால் அது விலகிவிடும். அதன்பின் கயிற்றின் ஒரு முனையை விட்டால் மற்றவர் சங்கிலி அடிக்குத் திரும்பிவிடும். அன்று எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர், நாங்கள் தூக்கிய அந்தச் சங்கிலிக்கு உரியவரே.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

பதில்: ஜூன். செப்டம்பரில் கடல்நீர் வெதுவெதுப்பாகவும் துறைகள் காலியாகவும் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் 2020 செப்டம்பரில் அயானோஸ் என்னும் புயல் கெபலோனியா, இத்தாக்கா, சாகிந்தோஸ் தீவுகளைத் தாக்கியதை மறக்கக்கூடாது. அம்மாதத்தில் செல்வதாயின் காலையும் மாலையும் வானிலை அறிக்கையைப் பாருங்கள்.

கேள்வி: குளிக்கத் தண்ணீர் போதுமா?

பதில்: தொட்டியில் 300 முதல் 400 லிட்டர் இருக்கும். கடலில் குளித்துவிட்டு நல்ல நீரில் உடலை அலசிக்கொண்டால் இருவருக்கு நான்கைந்து நாள் தாராளமாக வரும்.

கேள்வி: ஒரு வாரத்திற்கு நல்ல வழி ஒன்று சொல்லுங்கள்.

பதில்: லெப்காதாத் தீவில் தொடங்கி மெகனீசித் தீவு, இத்தாக்காவின் கியோனி, கெபலோனியாவின் பிஸ்கார்டோ என்று சென்று, லெப்காதாவின் தெற்கிலுள்ள சிவோத்தா வழியாகத் திரும்புங்கள். மணிக்கு ஐந்து கடல் மைல் வேகத்தில் சென்றாலும் எந்த நாளும் நான்கு மணி நேரத்திற்கு மேல் ஆகாது. 1953 நிலநடுக்கத்தில் கெபலோனியாவின் பெரும்பகுதி தரைமட்டமானபோது பிஸ்கார்டோவின் பழைய வீடுகள் தப்பி நின்றன, ஆகையால் அங்கே ஒருநாள் கூடுதலாகத் தங்கலாம். கியோனியை நெருங்கும்போது நுழைவாயிலில் சிதைந்த மூன்று காற்றாலைகள் தெரியும். அவற்றைப் பிற்பகல் இரண்டு மணிக்குள் கடந்துவிடுங்கள். அதற்குமேல் துறையில் இடமிருக்காது, பக்கக் காற்றும் எழுந்துவிடும்.