ஆங்கிலம் தெரிந்த ஒருவர் போலிஷ் மொழியை எங்கிருந்து கற்கத் தொடங்கலாம்?

கேட்டவர் மேற்படிப்புக்காக போலந்து போகப்போகிறார். தாய்மொழி தமிழ், ஆங்கிலம் நன்றாக வரும். "ஏழு வேற்றுமை இருக்கிறதாமே, என்னால் முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

முடியும். நான் சில வருடங்களாக கிராக்கோவில் வேலை பார்க்கிறேன். இப்போது வங்கி, மருத்துவர், வீட்டு உரிமையாளர் என்று எல்லோரிடமும் போலிஷில்தான் பேசுகிறேன். நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: நமக்குக் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை மனதில் வைத்து எழுதியவை. அவர்களைத் திணறடிக்கும் விஷயங்களை அத்தியாயம் அத்தியாயமாக விளக்கும். உங்களைத் திணறடிக்கப்போவதை ஒரு பத்தியில் கடந்துவிடும். அதனால் சொற்களுக்கு ஆங்கிலத்தின் உதவியை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கணத்தைத் தமிழோடு வைத்துப் படியுங்கள்.

கடினம் எவ்வளவு என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுக்கொடுக்கிறது. ஆங்கிலம் பேசுபவர் வேலைக்குப் போதுமான தேர்ச்சி பெற போலிஷுக்கு 44 வாரம், சுமார் 1100 வகுப்பு மணிநேரம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதே பட்டியலில், அதே பிரிவில், அதே 1100 மணிநேரத்தோடு தமிழும் இருக்கிறது. அந்தக் கணக்கு ஆங்கிலத்திலிருந்து புறப்படுபவருக்கானது. நீங்கள் புறப்படும் இடம் வேறு.

சரி, ஒலியிலிருந்து தொடங்குவோம். போலிஷுக்கு 32 எழுத்துகள். ரோமன் எழுத்துதான், ஆனால் மேலும் கீழும் குறியிட்ட ஒன்பது எழுத்துகள் கூடுதலாக உண்டு. பார்த்தவுடன் மலைப்பாக இருக்கும். ஆனால் விதி தெரிந்துவிட்டால் எழுதியதை அப்படியே படித்துவிடலாம்; ஆங்கிலம் போல ஒவ்வொரு சொல்லுக்கும் தனி உச்சரிப்பை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அழுத்தமும் அநேகமாக எப்போதும் கடைசிக்கு முந்திய அசையில்தான். ஆங்கிலக் கண்ணோடு பார்க்காமல் இருப்பதுதான் முதல் வேலை. டபிள்யூ எழுத்து இங்கே நம் 'வ'. ஜே எழுத்து 'ய'. குறுக்குக் கோடு போட்ட எல்தான் ஆங்கில டபிள்யூவின் ஒலி. அதனால் வரைபடத்தில் 'லோட்ஸ்' என்று நாம் படிக்கும் ஊரின் பெயர் உண்மையில் 'வூச்'.

இனி நமக்குச் சாதகமான இடம். போலிஷ்காரர்களின் டி (t) எழுத்து ஆங்கில 'ட' அல்ல, பல்லைத் தொடும் நம் 'த'. "ஆம்" என்பதற்கு 'தாக்' என்று 'த' போட்டே சொல்லுங்கள். மேலே கோடு போட்ட 'என்' (ń) எழுத்து நம் 'ஞ'தான். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் அதற்கு நாக்கைப் பழக்க வேண்டும். 'ஞாயிறு' சொல்லி வளர்ந்த நமக்கு அது இயல்பாக வரும். "இல்லை" என்பதற்கு 'ஞெ', வணக்கத்துக்கு 'ஜெஞ் தோப்ரி'. கோடு போட்ட சி எழுத்து 'பச்சை'யில் வரும் 'ச்ச'வுக்கு மிக நெருக்கம்.

சிரமம் 'ஷ' வகையில் இருக்கிறது. நாக்கை மடித்துச் சொல்லும் வன்மையான ஷ ஒன்று, நாக்கின் நடுப்பகுதி அண்ணத்தை நெருங்கும் மென்மையான ஷ்ய ஒன்று. 'காஷா' என்றால் வேகவைத்த தானியம்; 'காஷ்யா' என்றால் ஒரு பெண்ணின் செல்லப்பெயர். 'ப்ரோஷெ' என்பது "தயவுசெய்து". அதையே மென்மையாக்கி 'ப்ரோஷ்யெ' என்றால் பன்றிக்குட்டி. ஒரு நாளில் அதிக முறை சொல்லப்போகும் சொல் அந்த 'ப்ரோஷெ', ஆகவே முதல் இரண்டு வாரம் இந்த ஜோடிகளை மட்டும் கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பாருங்கள். உங்கள் குரலைப் போனில் பதிவு செய்து ஒப்பிடுவது நிறைய உதவும்.

வேற்றுமை பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். நமக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தது எட்டு. பெயர்ச்சொல்லின் கடைசி மாறினால் அதன் வேலை மாறும் என்பதை ஆங்கிலேயர் புதிதாகக் கற்க வேண்டும். நமக்கு அது பேச்சிலேயே இருக்கிறது. 'மரம்', 'மரத்தை', 'மரத்துக்கு' என்று அடிச்சொல்லே மாறுவதும் நமக்குப் புதிதல்ல. ஊர்ப் பெயர்களை வைத்துப் படியுங்கள், சீக்கிரம் பிடிபடும். ஊரின் பெயர் 'க்ராகூஃப்'. கிராக்கோவுக்கு என்றால் 'தோ க்ராகோவா', கிராக்கோவில் என்றால் 'ஃப் க்ராகோவியெ', கிராக்கோவிலிருந்து என்றால் 'ஸ் க்ராகோவா'. பெயருக்கு முன்னால் ஒரு சின்னச் சொல்லும் சேர்கிறது என்பது மட்டும்தான் வித்தியாசம். கடையில் பணம் கொடுக்கும்போது 'கார்தொன் சி கொதூஃப்கொன்?' என்று கேட்பார்கள். கார்டாலா, ரொக்கத்தாலா என்று பொருள். நம் 'ஆல்' உருபு செய்யும் வேலையை அந்த 'ஒன்' செய்கிறது. பேரைச் சொல்லிக் கூப்பிடும்போது பெயர் மாறுவதும் உண்டு, நம் விளி வேற்றுமையேதான்.

ஏழையும் ஒரே அட்டவணையாக மனப்பாடம் செய்யாதீர்கள். எனக்கு முதலில் கைகொடுத்தது "இல்லாமல்" என்ற பொருள் தரும் 'பெஸ்'. நான் சைவம். இங்கே 'பார் ம்லெச்னி' என்று அரசு மானியம் பெறும் மலிவான சாப்பாட்டுக் கடைகள் உண்டு. பலகையில் எழுதியிருப்பதைப் படித்து, காசாளரிடம் சொல்லி, ஜன்னலில் தட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். உருளைக்கிழங்கும் பன்னீர் மாதிரியான பாலாடையும் அடைத்த 'பியெரோகி ருஸ்கியெ'யில் சைவம்தான் இருக்கும், ஆனால் மேலே பன்றிக் கொழுப்பு வறுவலைத் தூவிவிடுவார்கள். அதனால் 'பெஸ் ஸ்க்ஃபாரெக்' என்று சொல்லக் கற்றேன். அப்புறம் இறைச்சி இல்லாமல், 'பெஸ் மியென்ஸா'. சர்க்கரை இல்லாமல், 'பெஸ் ட்ஸுக்ரு'. இறைச்சி வெறுமனே நின்றால் 'மியென்ஸோ', சர்க்கரை 'ட்ஸுகியெர்'. போலிஷில் மிக அதிகம் புழங்கும் வேற்றுமைகளில் ஒன்றான ஆறாம் வேற்றுமை இப்படிச் சாப்பாட்டிலேயே என் வாய்க்குள் வந்துவிட்டது. "என்னிடம் நேரம் இல்லை", "ஒரு கிளாஸ் தண்ணீர்" போன்றவற்றிலும் இதே வடிவம்தான் வரும்.

தமிழ் உண்மையிலேயே வழி காட்டும் இன்னோர் இடம் உணர்வுகளைச் சொல்வது. குளிர்கிறது என்பதை ஆங்கில வாக்கியத்தை வைத்துக் கட்டி 'யெஸ்தெம் ஜிம்னா' என்றால், நான் உணர்ச்சியற்றவள், தொட்டால் சில்லென்று இருப்பவள் என்பது போல ஆகிவிடும். சரியானது 'ஜிம்னோ மி'. "எனக்குக் குளிர்கிறது" என்பதன் அச்சு. எனக்குப் பிடித்திருக்கிறது, எனக்குத் தூக்கம் வருகிறது, எனக்கு வருத்தமாக இருக்கிறது, எல்லாவற்றுக்கும் அதே 'மி', அதாவது 'எனக்கு'. இதைப் பாடப்புத்தகம் "எழுவாய் இல்லாத வாக்கியம்" என்று பல பக்கம் விளக்கும். நீங்கள் தமிழில் நினைத்தாலே போதும். "அவன் தன் மனைவியை", "அவன் அவனுடைய மனைவியை" என்ற வேறுபாடும் அப்படியே இருக்கிறது: முன்னதற்கு 'ஸ்ஃபூய்' என்ற சொல்லின் வடிவம், பின்னதற்கு 'யெகோ'. 'யெகோ' போட்டால் வேறு ஒருவன் மனைவி என்று அர்த்தம். வினையின் கடைசியே ஆளைக் காட்டிவிடும் என்பதால் 'நான்', 'நீ' சொல்லத் தேவையில்லை. அதுவும் நம் வழக்கமே.

தமிழ் கைகொடுக்காத இடங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் உழைப்பு அங்கேதான் போக வேண்டும்.

முதலாவது பால். மேசைக்கும் காபிக்கும் கூட ஆண், பெண், பொது என்று பால் உண்டு, உருபுகள் அதைப் பொறுத்து மாறும். பெயருக்கு முன் வரும் அடையும் மாறும். நம் 'நல்ல' எங்கும் 'நல்ல'தான். போலிஷில் நல்ல காபி, நல்ல காபியை, நல்ல காபி இல்லாமல் என்று மூன்று இடத்திலும் 'நல்ல' வேறு வேறு வடிவம். இறந்தகாலத்தில் 'நான் படித்தேன்' என்பதையே ஆண் 'சித்தாவெம்' என்பார், பெண் 'சித்தாவாம்' என்பார். பாடங்களில் ஆண் வடிவமே அதிகம் வருவதால், பெண்ணாக இருந்தால் தொடக்கத்திலிருந்தே உங்கள் வடிவத்தில் சொல்லிப் பழகுங்கள். பன்மையில் ஓர் ஆணாவது இருக்கும் கூட்டத்துக்கு 'ஒஞ்ஞி'. பெண்கள், குழந்தைகள், விலங்குகள், பொருள்கள் எல்லாவற்றுக்கும் 'ஒனெ'. நம் உயர்திணையில் பெண்களும் உண்டு, அந்த ஏற்பாடுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

இரண்டாவது எண்கள். போலந்து நாணயம் 'ஸ்வோத்தி'. 2, 3, 4 என்றால் 'ஸ்வோத்தெ', 5 முதல் 'ஸ்வோத்திஹ்', 12க்கும் 'ஸ்வோத்திஹ்', ஆனால் 22க்கு மறுபடி 'ஸ்வோத்தெ'. இதைக் கடை ரசீதைப் பார்த்து உரக்கப் படித்தே பழக வேண்டும்.

மூன்றாவதுதான் பெரியது: வினைகள் ஜோடியாக வரும். நடந்துகொண்டிருந்தது அல்லது வழக்கமாக நடந்தது என்பதற்கு ஒரு வினை, நடந்து முடிந்தது என்பதற்கு இன்னொன்று. 'எழுதிக்கொண்டிருந்தேன்', 'எழுதிவிட்டேன்' என்ற நம் உணர்வு தொடக்கத்தில் உதவும், ஆனால் இங்கே ஒவ்வொரு வினைக்கும் ஜோடியைத் தனியாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சில எளிது: செய்வதற்கு 'ரோபிச்', செய்து முடிப்பதற்கு 'ஸ்ரோபிச்'. சிலவற்றுக்குத் தொடர்பே தெரியாது: சொல்வதற்கு 'மூவிச்', சொல்லி முடிப்பதற்கு 'போவியெஜெச்'. முதல் நாளிலிருந்தே இரண்டையும் சேர்த்து எழுதி வையுங்கள். ஒன்றை மட்டும் படித்துவிட்டு மற்றதைப் பின்னால் சேர்ப்பது இரட்டை வேலை.

ஆங்கிலத்தின் பங்கு சொற்களில். 'தெலெஃபோன்', 'அவ்தோபுஸ்' எல்லாம் தானாகப் புரியும். ஆனால் 'அக்துவால்ஞெ' என்றால் "தற்போது", 'எவென்துவால்ஞெ' என்றால் "தேவைப்பட்டால்"; ஆங்கிலப் பொருளைப் பொருத்திவிடாதீர்கள். போனில் ஒருவர் 'நோ, நோ' என்றால் அவர் ஆமாம் போடுகிறார்.

கேட்டுப் பழக அருமையான வழி ஒன்று இங்கே இருக்கிறது. போலந்து தொலைக்காட்சியில் வெளிநாட்டுப் படங்களுக்குப் பெரும்பாலும் ஆளுக்கு ஒரு குரல் கொடுப்பதில்லை. 'லெக்தோர்' என்ற ஒரே ஒருவர் எல்லாப் பாத்திரத்தின் வசனத்தையும் நிதானமாகப் படிப்பார். அடியில் அசல் ஆங்கிலம் லேசாகக் கேட்டுக்கொண்டிருக்கும். ஆங்கிலம் தெரிந்தவருக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. டிராமில் போகும்போது 'நஸ்தெம்ப்னி ப்ஷிஸ்தானெக்' என்று அடுத்த நிறுத்தத்தைச் சொல்லும் குரலைக் கூடவே சொல்லிப் பாருங்கள்.

பெரிய ஊர்களில் இளைஞர்கள் உங்கள் தடுமாற்றத்தைக் கண்டு அன்போடு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். "போலிஷில் பேசலாமா, கற்றுக்கொண்டிருக்கிறேன்" என்று கேளுங்கள், உடனே திரும்பி வருவார்கள், வேகத்தையும் குறைப்பார்கள். வயதானவர்களிடம் 'நீ' வேண்டவே வேண்டாம். ஆணுக்கு 'பான்', பெண்ணுக்கு 'பாஞ்ஞி' போட்டு, படர்க்கை வினையில் பேச வேண்டும். இதை ஆரம்பத்திலேயே பழகிவிடுங்கள், மரியாதை சரியாக இருந்தால் இலக்கணத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை.

பிற்பாடு போலந்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், பொதுவாக பி1 எனப்படும் இடைநிலைத் தேர்ச்சிச் சான்றிதழ் கேட்பார்கள். அதற்கான அரசுத் தேர்வில் கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு இவற்றோடு இலக்கணத்துக்கென்றே ஒரு தனிப் பகுதி உண்டு. பேச்சு சரளமாக வந்த பிறகும் உருபுகளையும் வினை ஜோடிகளையும் எழுதிப் பழகுவதை நிறுத்தாமல் இருப்பது அங்கே உதவும்.