பல்லை உடைத்த பக்கத்து வீட்டுப் பையனை மன்னிக்கலாமா?

கேள்வி: பைக் நிறுத்துவதில் தகராறு வந்து, பக்கத்து வீட்டுப் பையன் (19) என் மகனை (22) முகத்தில் குத்திவிட்டான். முன்பல் உடைந்துவிட்டது. எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது. இப்போது அவன் அம்மா தினமும் வந்து அழுகிறார். அவன் படிப்பு கெட வேண்டாம்தான். ஆனால் நடந்ததற்கு அவன் பதில் சொல்ல வேண்டாமா? புகாரை வாபஸ் வாங்கலாமா?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவன் பதில் சொல்லத்தான் வேண்டும் அம்மா. அதற்கு ஜெயில் ஒன்றுதான் வழி என்றில்லை.

எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு, "வாபஸ்" என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் மட்டும் வழக்கு முடிந்துவிடாது. பல் உடைந்தாலே சட்டப்படி அது கொடுங்காயம். பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 117(2) பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. ஆனாலும் நீதிமன்றத்தின் அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம் இது, பி.என்.எஸ்.எஸ். என்கிற குற்ற விசாரணை நடைமுறைச் சட்டத்தின் 359-வது பிரிவு அதற்கு வழி தருகிறது. குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு மாஜிஸ்திரேட்டிடம் மனு போட வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவர் உங்கள் மகன். அடிபட்டவர் அவர், மேஜரும்கூட. அவருக்காக நீங்கள் முடிவெடுக்க முடியாது. அவர் மனதில் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

கம்பி, கத்தி என்று ஏதாவது கையில் இருந்திருந்தால் கதை வேறு. அது சமரசப் பட்டியலில் இல்லை. உயர் நீதிமன்றத்தில் அதே பி.என்.எஸ்.எஸ். 528-வது பிரிவின் கீழ் வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டியிருக்கும். எஃப்.ஐ.ஆர். நகலில் என்னென்ன பிரிவுகள் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

பேச்சுவார்த்தையை ஸ்டேஷனிலோ, ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையிலோ வைக்காதீர்கள். அங்கே குரல் உயர்ந்தவர் சொல்வதுதான் முடிவு. நீதிமன்றச் சமரச மையத்துக்கு அனுப்பும்படி கேளுங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-லேயே இப்படியொரு மையம் தொடங்கிவிட்டார்கள், மாவட்டங்களிலும் இருக்கின்றன. வழி தெரியாவிட்டால் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணில் கேட்கலாம்.

அங்கே பணத்தை மட்டும் பேசிவிட்டு எழுந்து வராதீர்கள். அந்தப் பையன் உங்கள் மகன் எதிரே உட்கார்ந்து, அந்தக் குத்தால் என்ன ஆனது என்பதை அவர் வாயாலேயே கேட்க வேண்டும்: வலி, வெளியே போகக் கூசிய நாட்கள், எல்லாம். பெற்றோர் அழுது தீர்த்தால் அவன் பொறுப்பு தீராது. மன்னிப்பு அவன் வாயிலிருந்தே வரட்டும். பல் கட்டும் செலவில் ஒரு பங்கையாவது அவனே சம்பாதித்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்பதிலும் தவறில்லை. அடிபட்டவர்கள் பலருக்கு இந்த ஒரு மணி நேரம் தருகிற ஆறுதலைத் தீர்ப்பு நகல் தருவதில்லை என்பது என் எண்ணம்.

பணம் வங்கிக் கணக்குக்கு வந்த பிறகே மனுவில் கையெழுத்து. சமரசத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால் அது விடுதலைக்குச் சமம். பாக்கி வரவில்லை என்று அதே வழக்கை மறுபடி கிளப்ப முடியாது.

உங்கள் மகனுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். வழக்கு நடந்து தண்டனை வந்தாலும் அந்தப் பையன் ஜெயிலுக்குத்தான் போவான் என்றில்லை. 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி, 21 வயதுக்கு உட்பட்டவரை இப்படிப்பட்ட வழக்கில் சிறைக்கு அனுப்ப வேண்டுமானால் நீதிபதி அதற்குக் காரணம் எழுதியாக வேண்டும். ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு நன்னடத்தை ஜாமீனில் விடும்போது இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிடலாம். இதை அந்தப் பையனின் அம்மாவிடமும் சொல்லுங்கள்.