படுத்த இடம் நனைந்தால்: நாய் வளர்ப்போர் கேள்வி–பதில்

நாய் படுத்திருக்கும்போது சிறுநீர் கசிவதைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். மேலுக்கு எல்லாம் ஒரே தொல்லை போலத் தெரிந்தாலும் காரணங்கள் வேறு வேறு. ஒரு நாய்க்குச் சரியான மருந்து இன்னொரு நாய்க்குக் கெடுதலாகிவிடும். அதனால் தெரிந்தவர் நாய்க்குக் கேட்டது என்று எதையும் வாங்கிப் போடாதீர்கள்.

எங்கள் லாப்ரடாருக்கு ஆறு வயது, 28 கிலோ. கருப்பை எடுத்து மூன்று வருடமாகிறது. இரண்டு மாதமாகத் தூங்கி எழுந்தால் கோரைப்பாயில் ஒரு தட்டு அகலத்துக்கு ஈரம். பகலில் வெளியே போய் ஒழுங்காகத்தான் ஒன்றுக்குப் போகிறது. கொழுப்பெடுத்துச் செய்கிறது, இரண்டு போட்டால் சரியாகும் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள்.
— வாசகி, தஞ்சாவூர்

அடிக்கவே கூடாது. அந்த நாய்க்குத் தெரியாமல் நடப்பது இது. தெரிந்து போகிற நாய் எழுந்து, இடம் பார்த்து, குந்திப் போகும். உங்கள் நாயின் ஈரம் அது படுத்திருந்த இடத்தில், தொடைக்கு நேர் கீழே இருக்கிறது. எழுந்ததும் பாயை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போய்ப் படுக்கிறதா, பின்பக்கத்தை அடிக்கடி நக்குகிறதா என்று கவனியுங்கள். இரண்டும் இருந்தால் கசிவுதான்.

சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கிப் பிடித்திருக்கும் தசைக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் பலம் கொடுக்கிறது. கருத்தடை அறுவையில் சினைப்பைகளையும் எடுத்துவிடுவதால் அந்த ஹார்மோன் குறைந்து, தசை மெல்ல மெல்லத் தளர்கிறது. அறுவை முடிந்த உடனே இது தெரியாது. பல மாதமோ சில வருடமோ கழித்துத்தான் தெரியும். நிற்கும்போது தாங்கிக்கொள்ளும் தசை, படுத்தவுடன் வயிற்றின் பாரம் பையை அழுத்தவும், தூக்கத்தில் உடம்பு தளரவும் விட்டுக்கொடுத்துவிடுகிறது. இருபது கிலோவுக்கு மேற்பட்ட பெரிய இனங்களில் இது அதிகம். உடல் பருமனும் சேர்ந்தால் கசிவு கூடும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் சாப்பாட்டைக் குறையுங்கள். எடை இறங்குவது மட்டுமே சில நாய்களில் கசிவைப் பாதியாக்கிவிடும்.

மருத்துவரிடம் போகுமுன் வீட்டில் ஒரு வேலை. மூன்று நாள் தண்ணீரை அளந்து வையுங்கள். காலையில் மூன்று லிட்டர் ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்து கழியுங்கள். கொல்லை வாளி, மாட்டுத் தொட்டி எதிலும் வாய் வைக்க விடாதீர்கள். கிலோவுக்கு 40 முதல் 60 மில்லி வரை சாதாரணம். 28 கிலோ நாய்க்கு ஏறத்தாழ 1.1 லிட்டரிலிருந்து 1.7 லிட்டருக்குள் வரும். கத்திரி வெயிலில் கொஞ்சம் கூடலாம். ஆனால் கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால், அதாவது உங்கள் நாய் நாளுக்கு 2.8 லிட்டர் குடித்தால், தசைத் தளர்ச்சி என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே வேறு நோய் இருக்க வாய்ப்புண்டு.

அடுத்தது சிறுநீர்ப் பரிசோதனை. காலையில் முதல் முறை போகும்போது, நன்றாகக் கழுவிக் காயவைத்த நீளக்கைக் கரண்டியைப் பின்னாலிருந்து நீட்டி, முதல் சொட்டுகளை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். சுத்தமான டப்பாவில் ஊற்றி அரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். தாமதமானால் ஃபிரிட்ஜில் வையுங்கள். தரையில் தேங்கியதை ஊசியில் உறிஞ்சி எடுத்துப் போனால் அதிலுள்ள மண்ணும் கிருமியும் முடிவைக் கெடுத்துவிடும். சிறுநீரின் அடர்த்தியை அவசியம் பார்க்கச் சொல்லுங்கள். 1.030க்கு மேல் இருந்தால் சிறுநீரகம் தண்ணீரைச் சுண்டவைக்கும் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று பொருள். கிருமித் தொற்றோ கல்லோ இருந்தால் அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போகும், முக்கும், ரத்தமோ கடும் நாற்றமோ இருக்கும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் தளர்ச்சிக்கான மருந்து. பீனைல்புரோபனோலமைன் கிலோவுக்கு 1 மில்லிகிராம் கணக்கில் நாளுக்கு இரண்டு மூன்று வேளை தரப்படுகிறது. ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து என்பதால் இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ உள்ள நாய்க்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள். நாய் நிலைகொள்ளாமல் அலைந்தாலோ சாப்பாட்டை ஒதுக்கினாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்னொரு வழி எஸ்ட்ரியால் மாத்திரை: முதல் வாரம் தினம் 2 மில்லிகிராம், பிறகு கசிவு நிற்கிற மிகக் குறைந்த அளவுக்கு இறக்கிக்கொண்டே வருவார்கள். பின்புறம் வீங்குவதும் தெரு ஆண் நாய்கள் சுற்றுவதும் அளவு கூடியதற்கு அடையாளம். பெரும்பாலான நாய்களுக்கு இவற்றில் ஒன்று கேட்கும். ஆனால் மருந்து தசையை இறுக்கிப் பிடிக்கிறதே தவிர குணமாக்குவதில்லை; நிறுத்தினால் கசிவு திரும்பும். மனிதருக்கான சளி மாத்திரையில் அதே மருந்து இருக்கிறது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் கலந்திருக்கும் மற்றவை நாய்க்கு ஆகாது.

இதைப் படித்துவிட்டுக் கருத்தடையே வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம். கருப்பையில் சீழ் பிடித்துச் சாகும் பெட்டைகளை நினைத்தால் இந்தக் கசிவு சமாளிக்கக்கூடிய தொல்லை. பெரிய இனக் குட்டியாக இருந்தால் எந்த வயதில் செய்வது என்று மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்பது வயது நாட்டு நாய், ஆண். வயலுக்குக் கூடவே வரும். அறுவடை முடிந்ததிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது, திண்ணையில் படுத்தபடியே நனைக்கிறது. சோறு பாதிதான் தின்கிறது.
— வாசகர், மன்னார்குடி

இதைத் தள்ளிப்போடாதீர்கள். அதிகம் குடிப்பதும் சோற்றை ஒதுக்குவதும் சேர்ந்து வந்திருக்கிறது. இங்கே கோளாறு பையின் வாயில் இல்லை. சிறுநீர் அளவுக்கு மீறி ஊறி, தாங்க முடியாமல் வழிகிறது.

நம் பக்கத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் வழியாக வயல் தண்ணீரிலும் வாய்க்கால் ஓரச் சேற்றிலும் கலக்கும் கிருமி, நாயின் கால் புண் வழியாகவோ தண்ணீர் குடிக்கும்போதோ உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பிடிக்கிறது. வரப்பில் எலி வளை நிறைந்திருக்கும் அறுவடைக் காலமும், வயலும் தெருவும் ஒன்றாகும் ஐப்பசி, கார்த்திகை வெள்ளமும் இதற்குத் தோதானவை. காய்ச்சல், வாந்தி, தொட்டால் தசை வலியில் முனகுவது, கண்ணும் ஈறும் மஞ்சளாவது ஆகியவை அறிகுறிகள். முதலில் நிறையப் போகும். பிறகு சிறுநீர் குறைந்துகொண்டே வந்தால் சிறுநீரகம் நின்றுபோகிறது என்று அர்த்தம். அப்போது மணிக்கணக்குதான் அவகாசம். டாக்ஸிசைக்ளின் இரண்டு வாரம் தர வேண்டியிருக்கும், குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும்.

இது மனிதருக்கும் தொற்றும் என்பதால், முடிவு தெரியும்வரை அந்த ஈரத்தைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், குழந்தைகளைத் திண்ணையில் விடாதீர்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், நாய்க்கு இப்படி இருக்கிறது என்று டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். தடுப்பூசி முதல் முறை மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி, அப்புறம் வருடம் ஒன்று. வெறிநாய்க்கடி ஊசி போட்டாயிற்று, போதும் என்று நினைப்பவர்கள் பலர். அதில் இது அடங்காது.

எலிக்காய்ச்சல் இல்லை என்றால் இந்த வயதில் சர்க்கரை நோய், நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு, உண்ணிக் காய்ச்சலின் பின்விளைவு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ரத்தத்தில் கிரியாட்டினின், யூரியா, சர்க்கரை மூன்றும் முதல் நாளே எடுத்துவிடலாம். சமீபத்தில் அரிப்புக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த ஊசியே தாகத்தைக் கூட்டிப் படுத்த இடத்தில் நனைக்க வைக்கும். தஞ்சை மாவட்டத்தில் ஒரத்தநாட்டிலேயே அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உள்ளூர் மருந்தகத்தில் சோதனைக்கு வசதி இல்லை என்றால் அங்கே கொண்டுபோகலாம்.

பைக் மோதி பத்து நாள். பின்னங்கால் இழுக்கிறது. எழுந்து போய் ஒன்றுக்கு இருப்பதே இல்லை, ஆனால் கிடக்கிற சாக்கு எப்போதும் ஈரம். வருகிறதே, அதுவரை நல்லது என்று இருக்கலாமா?
— வாசகர், திருவாரூர்

இருக்கக் கூடாது. இந்த ஈரத்தைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதுகுத் தண்டு நரம்பு அடிபட்டால் பை நிறைந்தது மூளைக்குத் தெரியாது, வாயும் திறக்காது. பை பலூன் மாதிரி உப்பி, கொள்ளாத மிச்சம் மட்டும் சொட்டுகிறது. பின்னங்கால்களுக்கு முன்னால் அடிவயிற்றில் தேங்காய் போலக் கெட்டியாகத் தட்டுப்பட்டால் இன்றே கொண்டுபோங்கள். பல நாள் உப்பியே இருந்தால் பையின் சதை நைந்து, நரம்பு தேறினாலும் சுருங்கும் சக்தி திரும்பாது.

பையைக் கையால் அழுத்திக் காலி செய்யும் முறையை மருத்துவர் உங்கள் கையைப் பிடித்துச் சொல்லித்தர வேண்டும். நாயை நிறுத்தி, இரு உள்ளங்கைகளையும் வயிற்றின் இரு பக்கமும் தட்டையாக வைத்து, விரல் நுனி குத்தாமல், மெதுவாகப் பின்பக்கம் நோக்கி அழுத்தத்தைக் கூட்டுவது. தாரை வந்ததும் அது நிற்கும்வரை பிடியை விடக் கூடாது. நாளுக்கு மூன்று நான்கு முறை. வரவில்லை என்றால் பலம் கொடுக்காதீர்கள், பை கிழிந்துவிடும். குழாய் வைத்துத்தான் எடுக்க வேண்டும். தஞ்சாவூர் வாசகிக்குச் சொன்ன பீனைல்புரோபனோலமைன் இந்த நாய்க்குக் கொடுத்தால், ஏற்கெனவே திறக்காத வாய் இன்னும் இறுகும்.

மூன்று மாதப் பெட்டைக் குட்டி. நடந்தாலும் படுத்தாலும் நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கிறது. வளர்ந்தால் நிற்குமா?
— வாசகி, மயிலாடுதுறை

யாரையாவது பார்த்தவுடன் குழைந்து, வாலைச் சுருட்டிக்கொண்டு சொட்டுவிடுகிறது என்றால் வளர வளர நிற்கும். திட்டாமல், குனிந்து மேலே கவியாமல் பழகுங்கள். நாள் முழுக்கச் சொட்டினால் பிறவிக் கோளாறு: சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் பைக்குள் திறக்காமல் பையைத் தாண்டித் திறந்திருக்கலாம். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி குட்டிகளில், அதிலும் பெட்டைகளில், இது கூடுதலாகக் காணப்படுகிறது. சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். மாத்திரையில் சரிப்படாது, அறுவைதான் வழி. தள்ளிப்போட்டால் கிருமி மேலேறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கசிவுக்கு வைத்தியம் நடக்கிறது. அதுவரை நாற்றத்தையும் புண்ணையும் எப்படிச் சமாளிப்பது? ராத்திரி தண்ணீர் வைக்காமல் இருந்தால் போதுமா?
— வாசகர், கும்பகோணம்

தண்ணீரை நிறுத்தவே கூடாது. சிறுநீரகக் கோளாறோ சர்க்கரையோ உள்ள நாய் ஒரே இரவில் வறண்டு மோசமாகிவிடும். அதற்குப் பதில் இரவு பத்து மணிக்கு ஒரு முறையும் விடியற்காலை ஐந்துக்கு ஒரு முறையும் வெளியே அழைத்துப் போங்கள். கருவாட்டுக் குழம்புச் சோறு, அப்பளம், ஊறுகாய் பிசைந்த மிச்சம் எல்லாவற்றையும் விடுங்கள். உப்புதான் இரவில் குடிக்க வைக்கிறது.

படுக்கைக்குப் பழைய நைலான் நாடாக் கட்டில் மிகவும் நல்லது. கால்களை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிக்கொண்டால் வயதான நாயும் ஏறும்; ஈரம் கீழே இறங்கிவிடும், அடியில் ஒரு தட்டு வைத்தால் போதும். சணல் சாக்கும் வைக்கோலும் ஈரத்தைப் பிடித்துவைத்துத் தோலை வேகவைக்கும்.

தினம் இரண்டு வேளை தொடை இடுக்கையும் அடிவயிற்றையும் வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, காயவிடுங்கள். அங்கே நீள முடி இருந்தால் கத்தரித்துவிடுங்கள். தோல் சிவந்திருந்தால் துத்தநாகக் களிம்பு தடவாதீர்கள். நாய் நக்கினால் துத்தநாகம் விஷம். மழைக்காலத்தில் ஈரத்தோலில் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும், அதனால் வாலடியைத் தினமும் விரித்துப் பாருங்கள். அரிசி போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது முட்டை. சீப்பால் சீவி எடுத்துவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தரைக்கு பினாயில் வேண்டாம். நாய் அதை மிதித்துக் காலை நக்கும். முதலில் தண்ணீர் விட்டு நன்றாக அலசிவிட்டு, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். எலிக்காய்ச்சல் சந்தேகம் உள்ள வீட்டில் மட்டும் வினிகரை விட்டுவிட்டு, அலசிய தரையில் ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து போடுங்கள். அலசாத சிறுநீரின் மேலோ வினிகரோடு சேர்த்தோ பிளீச்சிங் ஊற்றினால் நச்சுப்புகை கிளம்பும். கதவு, ஜன்னல் திறந்திருக்கட்டும், தரை காயும்வரை நாயைக் கொல்லைப்பக்கம் கட்டி வையுங்கள்.