டிஜே ஆகத் துடிக்கும் மகளும் கோட்டா சீட்டும்

அம்மா, பிளஸ் டூ முடித்த மகள் டிஜே ஆகிறேன் என்கிறாள். பெரியப்பாவோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசிவிட்டார். நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் வைக்காதீர்கள். கோடிங் வகுப்புக்கே போக மறுப்பவள் நான்கு வருடம் அரியர்தான் சேர்ப்பாள். வட்டியைப் பெரியப்பா கட்டப்போவதில்லை.

அந்தப் பணத்தை டிஜே அகாடமிக்கும் கொடுக்க வேண்டாம். சுமார் 30,000 ரூபாய்க்கு ஒரு இரண்டு சேனல் கண்ட்ரோலர் (இரண்டு பாட்டைக் கலந்து வாசிக்கும் கருவி), நல்ல ஹெட்ஃபோன், வீட்டில் இருக்கும் லேப்டாப் போதும். பக்கத்தில் அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.காம். சேருங்கள், அந்தக் கணக்கு கீழே சொல்லும் வேலைக்கு உதவும்.

கல்யாணம், ஹோட்டல், கிளப் வழியெல்லாம் ஊருக்கே தெரியும். யாரும் சொல்லாதது, சொந்தமாக ஒரு சிறு நடன இசை லேபிள், அதாவது பாட்டுகளை வெளியிடும் நிறுவனம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹுவான் அட்கின்ஸ் என்ற இசைக் கலைஞர் 1985இல் மெட்ரோபிளெக்ஸ் லேபிளைத் தொடங்கித் தன் டெக்னோ என்ற மின்னணு நடன இசையைத் தானே வெளியிட்டார். இன்று அதற்கு ரெக்கார்டு அச்சடிக்கக்கூட வேண்டாம்.

முதல் வெளியீட்டுக்கு இரண்டு டிராக் போதும். ஒன்று வேறொருவருடையதாக இருக்கட்டும். அவரோடு ஒரு பக்க ஒப்பந்தம்: யார் இசையமைத்தார், எத்தனை ஆண்டு உரிமம் (ஐந்து போதும்), செலவு போக ஆளுக்குப் பாதி. வாட்ஸ்அப் பேச்சை மட்டும் நம்பாதீர்கள். டிராக்கின் முதல் 32 பார் (ஒரு பார் என்பது நான்கு தட்டு) தாளம் மட்டும் ஓடினால்தான் மற்ற டிஜேக்கள் எளிதாக மிக்ஸ் செய்வார்கள். மாஸ்டரிங்குக்கு, அதாவது வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்வதற்கு, 24 பிட் வேவ் கோப்பு, ஒலி உச்சத்தை அமுக்கும் லிமிட்டர் இல்லாமல், உச்சம் மைனஸ் 6 டெசிபல் அளவில். அட்டைப்படம் 3000 × 3000 பிக்சல்.

ஒவ்வொரு டிராக்குக்கும் எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட ஐஎஸ்ஆர்சி என்ற அடையாளக் குறியீடு உண்டு, பாட்டை இணையத் தளங்களுக்கு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரே தருவார். பிறகு வேறு டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாறினால் பழைய குறியீட்டையே கொடுக்க வேண்டும். புதிது வாங்கினால் சேர்ந்திருந்த ஸ்ட்ரீம் கணக்கு பிரிந்துவிடும். டிஜேக்கள் பாட்டு வாங்கும் பீட்போர்ட் இணையக் கடைக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகத்தான் போக வேண்டும். பேண்ட்கேம்ப் என்ற இணையதளத்தில் நேரடியாக விற்கலாம், டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் அவர்களுக்கு. வெளியீட்டுத் தேதியை ஆறு வாரம் தள்ளி வையுங்கள். டிஜேக்களுக்கு முன்கூட்டி அனுப்ப அவகாசம் வேண்டும்.

பலர் விழும் குழி சினிமாப் பாட்டு ரீமிக்ஸ். ஒலிப்பதிவு ஆடியோ கம்பெனிக்கு, மெட்டும் வரியும் வேறு உரிமையாளர்களிடம் இருக்கலாம். அனுமதி இல்லாமல் ஏற்றினால் டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கையே முடக்கலாம். உங்களை நம்பிப் பாட்டுக் கொடுத்தவரின் டிராக்கும் சேர்ந்து போகும்.

செலவுக்கு முதல் இரண்டு ஆண்டுக்கு 50,000 ரூபாய், அதற்கு மேல் ஒரு பைசா கூடாது. வைனல் இசைத்தட்டு ஆசையும் வேண்டாம்: 300 அச்சடித்தால் 250 கட்டிலுக்கடியில் கிடக்கும்.

அவள் மனப்போக்கைக் கவனியுங்கள். தன் மிக்ஸை மட்டும் போட்டுக் காட்டுகிறாளா, “இந்தப் பையன் போட்டதைக் கேளும்மா” என்று அடுத்தவர் பாட்டையும் இழுத்து வருகிறாளா? இரண்டாவது என்றால் லேபிள் அவளுக்கானது. முதலாவது என்றால் லேபிளைத் திணிக்காதீர்கள், நிகழ்ச்சிகளில் டிஜேயாக மட்டும் இசைக்கட்டும்.

இரவு நிகழ்ச்சி என்றால் பாதிப் பணம் முன்பணம், வீடு திரும்ப வண்டி, இரண்டும் எழுத்தில் வேண்டும். பாட்டை இரண்டு பென் டிரைவில், எஃப்ஏடி32 என்ற ஃபார்மேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். கிளப்பிலுள்ள பழைய பிளேயர்கள் எக்ஸ்ஃபாட் என்ற புதிய ஃபார்மேட்டைப் படிக்காது. முதல் சில நிகழ்ச்சிக்கு நீங்களும் கூடப் போங்கள், ஒரு டிரைவ் உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.